நாட்குறிப்பில் முளைத்த நாவல்

நாவலாசிரியன் அரசியல் பேசலாமோ என்னும் வினா இலக்கியக் கூட்டங்களிலே ஓயாது எழுவதொன்று. பேசினாற் கலை கெடும் என்பார் ஒரு சாரார். பேசாதொழிந்தாற் கலை உயிரற்ற பாவையாகும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தத்தம் கட்சிக்குச் சான்றாக ஒருவரையே காட்டுதல் கூடும். அவர் ருஷ்ய நாட்டின் பியோதர் தொஸ்தோயெவ்ஸ்கி (1821–1881). 'குற்றமும் தண்டனையும்' வாயிலாக அவரை அறிந்த மாணவர் பலர். ஆயின் 1876, 1877 ஆகிய ஈராண்டுகளில் அவர் தாமே எழுதித் தாமே வெளியிட்ட 'ஓர் எழுத்தாளனின் நாட்குறிப்பு' என்னும் மாத வெளியீட்டை அறிந்தோர் சிலரே. அவருடைய அரசியல் முழுவதும் அதன் பக்கங்களில் உண்டு. அவ்வரசியலிற் பெரும்பகுதி இன்று படிப்போர்க்கு நாணத்தையே தரும். அதே பக்கங்களிலேதான் 'கரமசோவ் சகோதரர்கள்' என்னும் பெருநாவலும் வித்தூன்றி முளைத்தது. வித்து எது, முளை எது, இரண்டிற்கும் இடையே நிகழ்ந்தது யாது என்று சற்றே தேடிப் பார்த்தல் பயனுடைத்து.

பிறர் கைபாராது எழுதும் நிலையைத் தொஸ்தோயெவ்ஸ்கி எளிதில் எய்தினாரல்லர். பெத்ராஷெவ்ஸ்கி என்பாரின் இல்லத்திற் கூடிப் பண்ணையடிமை முறையைக் கண்டித்தும் தடைசெய்யப்பெற்ற எழுத்துக்களைப் படித்தும் வந்த இளைஞர் குழுவோடு 1849இல் அவரும் சிறைப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் அவர்கள் கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டனர். துப்பாக்கிகள் குறிபார்த்து நின்ற வேளையிலே மன்னரின் தண்டனைக் குறைப்பு வாசிக்கப்பட்டது. அதன்பின் ஓம்ஸ்க் நகரில் நான்காண்டு கடூழியச் சிறை. அதற்கப்பால் சைபீரியப் படையிற் சாதாரணச் சிப்பாய் வாழ்க்கை. 1859ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவர் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு மீண்டார். தமையன் மிகையீலுடன் நடத்திய சஞ்சிகையை, போலந்துப் பிரச்சினை பற்றிய ஒரு கட்டுரையைக் காரணங்காட்டி 1863இல் அரசு மூடிற்று. அடுத்த சஞ்சிகையைக் கடன் மூடிற்று. தமையனும் 1864இல் இறந்தார். கடன்காரர் நெருக்கிய அந்நாளிலே ஸ்தெல்லோவ்ஸ்கி என்னும் வெளியீட்டாளரோடு அவர் செய்த உடன்படிக்கை எழுத்தாளர் யாவரும் அறிந்து அஞ்ச வேண்டியது. 1866 நவம்பர் முதலாம் நாளுக்குள் ஒரு புதுநாவல் கைக்கு வாராவிடின், அடுத்த ஒன்பதாண்டுகளில் அவர் எழுதுவன யாவற்றையும் அவ்வெளியீட்டாளர் ஒரு காசும் கொடாது அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது அதன் விதி. அன்னா என்னும் சுருக்கெழுத்துப் பெண்ணைத் துணைக்கொண்டு இருபத்தாறு நாளிற் 'சூதாடி' என்னும் நாவலைச் சொல்லி முடித்து அவர் அவ்வலையினின்றும் தப்பினார். அடுத்த ஆண்டு அப்பெண்ணையே மணந்தார்.

அன்னா வெறும் இல்லாள் அல்லள். நல்ல வணிகத் திறமும் உடையவள். 1873இல் 'பேய்கள்' நாவலை 3,500 பிரதிகள் தம் செலவிலேயே அச்சிட்டு, வீட்டிலிருந்தே புத்தகக் கடைக்காரர்க்கு விற்று ஆதாயங் கண்டவள் அவளே. அதே ஆண்டிற் கணவர் ஒரு பிரபுவின் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியராய் அமர்ந்தார். 'எழுத்தாளனின் நாட்குறிப்பு' என்னும் பெயர் முதன்முதலில் அப்பத்திரிகையின் ஒரு பகுதிக்கே வழங்கிற்று. பிரபுவுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. பேரரசரின் கூற்றொன்றை முன்னனுமதியின்றி அச்சிட்டமைக்காக 1874இல் இரண்டு நாள் காவலில் இருக்கவும் நேர்ந்தது. அவ்வாண்டே அப்பதவியைத் துறந்தார். பிறர் பத்திரிகைக்கு எழுதுவதிலும் தமக்கெனத் தாமே ஒன்று எழுதுவது நன்று என்னும் எண்ணம் இவ்வாறே முற்றிற்று.

1876 ஜனவரியில் நாட்குறிப்பு தனி வெளியீடாகத் தொடங்கியது. தனிப்பிரதி 20 கொப்பெக்; ஆண்டுச் சந்தா 2 ரூபிள். ஒவ்வொரு மாத இறுதியிலும் ஓர் இதழ். வேறு எழுத்தாளர் இல்லை, துணையாசிரியர் இல்லை, விளம்பரதாரரின் தயவும் வேண்டப்படவில்லை. அச்சுக்கூடத்துக் கணக்கு, அச்சுப்படி திருத்தம், தபாற்கட்டுகள் எல்லாம் அன்னாவின் பொறுப்பு. முதலாண்டிற் சந்தாதாரர் ஏறத்தாழ இரண்டாயிரவர். மறு ஆண்டில் மூவாயிரம் அளவினர். கடைகளில் விற்றவை ஏறக்குறைய அதே அளவின. ஒவ்வோர் இதழும் அச்சேறுமுன் தணிக்கையாளர் கையிற் சென்று வரவேண்டும். அவ்வளவே அவருக்கிருந்த தளை. மற்றெவ்வகையிலும், அக்கால ருஷ்யாவில் அவரைப்போலத் தம் வாய்க்குத் தாமே தலைவராய் இருந்த எழுத்தாளர் அரியர்.

அவ்வாய் என்ன பேசிற்று என்பதே வினா. முதல் இதழிலேயே வரப்போகும் நாவலின் சாயல் தெரிகின்றது. இக்காலத்து ருஷ்யக் குழந்தைகளையும் அவர்தம் தந்தையரையும் பற்றி நாவலொன்று எழுதுதல் தம் நெடுநாள் இலட்சியம் என்று அவர் அதிற் கூறுகின்றார். சென்ற ஆண்டில் எழுதிய 'விடலைப் பையன்' அதற்கொரு முன்னோட்டமே என்றுஞ் சொல்கின்றார். அவ்விதழ் முழுவதிலும் குழந்தைகளே நிற்கின்றனர்: கிறிஸ்துமஸ் விழாவில் ஆடும் செல்வக் குழந்தைகள், தெருவிற் கையேந்தும் சிறுவன், குளிரில் விறைத்து இறக்கும் ஏழைப் பாலகன், சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட இளங் குற்றவாளிகள். சிறுகதை எங்கே முடிகின்றது, பத்திரிகைச் செய்தி எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிதல் அரிது.

இவ்வாறு நாளொரு செய்தியின் பின்னே ஓடுவது பெரிய எழுத்தாளர்க்குத் தகுமா என்று அக்காலத்து அன்பர் சிலர் வருந்தினர். கார்க்கோவ் நகரிற் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்திய அல்ச்செவ்ஸ்கயா என்னும் அம்மையார், சில்லறைக் காரியங்களில் அவர் தம்மைச் சிதறடிக்கின்றார் என்னுங் கவலையை அவருக்கே எழுதினார். 1876 ஏப்பிரலில் அவர் விடுத்த மறுமொழி ஆசிரியத் தொழிலில் உள்ளோர் ஊன்றி நோக்கத்தக்கது. கலைஞன் தன் கலையின் இலக்கணத்தை மாத்திரம் அறிந்தாற் போதாது, தான் சித்திரிக்கும் நடப்பைக் கடுகளவும் விடாது அறிதல் வேண்டும். தாம் மிகப் பெரிய நாவலொன்றை எழுத ஆயத்தஞ் செய்வதாகவும் அதற்காகவே நடப்பின் நுணுக்கங்களிற் பயில்வதாகவும் அக்கடிதம் சொல்லுகின்றது. நாட்குறிப்பு அவருக்கு மேடையாய் இருந்ததோடு பள்ளிக்கூடமாயும் இருந்தது எனக் கொள்ளலாம்.

அப்பள்ளியில் அவர் பயின்ற பாடங்கள் பெரும்பாலும் நீதிமன்றத்திற் கிடைத்தவை. 1876 பெப்ரவரி இதழில் குரோனெபேர்க் என்பானின் வழக்கு வருகின்றது. ஏழு வயது மகளை மிலாறுகளால் அடித்த தந்தை அவன். பெயர்பெற்ற சட்டத்தரணி ஸ்பசோவிச் அவனுக்காகத் திறமையோடு வாதாடினார். அடியை அடியன்று எனக் காட்டினார். குழந்தையின் சிறு களவையும் பொய்யையும் பெரிதாக்கினார். யூரிமார் அவனை விடுவித்தனர். தீர்ப்பினும் அவ்வாதத் திறமையே தொஸ்தோயெவ்ஸ்கியைச் சுட்டது. தந்தையைச் சைபீரியாவுக்கு அனுப்ப வேண்டும் என அவர் கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தையை வளர்ந்தவளைப் போலக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசிய நாவன்மையையே சாடினார்.

கொர்னீலோவா வழக்கு இதனினும் பெரிது. 1876 மே மாதத்து ஒரு காலையில், இருபது வயதுடைய எக்கத்தெரீனா கொர்னீலோவா கணவனோடு பிணங்கிய நிலையில், அவனது முதல் தாரத்துக் குழந்தையாகிய ஆறு வயதுச் சிறுமியைச் சாளரத்தண்டை வரச்செய்து நான்காம் மாடியிலிருந்து கீழே தள்ளிவிட்டாள். வியக்கத்தக்க வகையிற் குழந்தை ஊறின்றித் தப்பியது. மாற்றாந்தாய் நேரே காவல் நிலையஞ் சென்று தன் செயலைச் சொன்னாள். செய்தி வெளிவந்த மாதத்தில் தொஸ்தோயெவ்ஸ்கியும் ஏனையோரைப் போலவே எழுதினார். இக்கொடியாளுக்காகச் சட்டத்தரணிகள் எவ்வாறெல்லாம் உருகி வாதாடுவர் என்று எள்ளி நகையாடினார். ஒக்டோபரில் அவளுக்கு இரண்டு ஆண்டும் எட்டு மாதமும் கடூழியமும், பின்னர்ச் சைபீரியாவிற் குடியேற்றமும் தீர்ப்பாயின. அப்போது அவள் கருவுற்றிருந்த செய்தி அவர் மனத்தைத் தைத்தது. கருப்பவதிகளுக்குச் சில வேளை நேரும் விபரீத மனநிலையில் அவள் அதனைச் செய்திருக்கலாகாதோ என்று ஒக்டோபர் இதழில் எழுதினார். சிறைக்குச் சென்று அவளைக் கண்டார், ஒருமுறையன்று, பலமுறை. அவள் பேச்சையும் மௌனத்தையும் கூர்ந்து நோக்கினார். தீர்ப்பு நீக்கப்பட்டு மறுவிசாரணை நிகழ்ந்தது. 1877 ஏப்பிரல் 22ஆம் நாள் அவள் விடுதலையானாள்.

மலையமானின் சிறுமக்களை யானைக்கு இடப் புகுந்த கிள்ளிவளவன் முன்னே நின்று அவர்தம் உயிர்க்காக வாதாடிய கோவூர்கிழாரை நம் மாணவர் அறிவர். ஒரு புலவன் தன் பெயராலே, தன் குரலாலே, அதிகாரத்தை நோக்கிப் பேசும் பேச்சு அது. கொர்னீலோவாவுக்காக எழுதிய தொஸ்தோயெவ்ஸ்கியின் பேச்சும் அவ்வினத்ததே. நாட்குறிப்பு இதனையன்றி வேறொன்றும் செய்யாதிருப்பினும் அதனை நாம் போற்றலாம்.

ஆனால் அதே வாய் வஞ்சித்திணையும் பாடிற்று. 1876இல் பல்கேரியரின் எழுச்சியைத் துருக்கியர் குரூரமாக ஒடுக்கினர். சேர்பியா துருக்கிமேற் போர் தொடுத்தது. ருஷ்யத் தொண்டர் படையினர் திரள் திரளாகப் புறப்பட்டனர். தொஸ்தோயெவ்ஸ்கியின் பேனாவுக்கு வேகம் பிறந்தது. ஸ்லாவியரை விடுவித்தலும் கிழக்குத் திருச்சபையைக் காத்தலும் ருஷ்யாவின் தெய்வப் பணி என்றார். அதற்கு மேலுஞ் சென்று, கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரம் ருஷ்யாவுக்கே உரியதாதல் வேண்டும் என்று 1876 யூன் இதழிலும், மீண்டும் 1877 மார்ச் இதழிலும் வற்புறுத்தினார். இதில் ஐயமோ தயக்கமோ அவருக்கு இல்லை. பேரரசின் படை செல்லுமிடமெல்லாம் ஏழையின் கண்ணீர் துடைக்கப்படும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். துன்புற்ற பல்கேரியர் மாட்டு அவர் கொண்ட இரக்கம் உண்மையானது. அவ்விரக்கத்தின் முதுகிலே ஒரு நகரத்தைக் கவரும் ஆசை ஏறியிருந்ததை அவர் காணவில்லை.

இவ்விடத்தே ஒரு நுட்பம் உண்டு. போர் நல்லது என்னும் கருத்து நாட்குறிப்பில் முதன்முதலாகத் தோன்றுவது 1876 ஏப்பிரலில். அப்போது அதனைச் சொல்பவர் ஆசிரியர் அல்லர். முரண்படப் பேசுவதில் இன்பங்காணும் நண்பன் ஒருவனைக் கற்பித்து, அவன் வாயில் அக்கருத்தை வைத்து, தாம் மறுத்து மறுத்து வினவுவார்போல் நிற்கின்றார். ஓராண்டு கழிந்து, 1877 ஏப்பிரலில் ருஷ்யா போர் தொடுத்ததும் அந்நண்பன் மறைந்துவிடுகின்றான். போர் சிலபோது மீட்பாகும், நீண்ட அமைதியே மக்களைக் கெடுக்கும் என்று ஆசிரியரே தம் குரலிற் கூறுகின்றார். கற்பனைப் பாத்திரம் போன இடத்திற் பிரசாரகர் வந்து அமர்ந்தார்.

அந்த 1877 ஏப்பிரல் இதழை ஒரே அமர்வில் வாசிப்பவர் திகைப்பர். முற்பகுதியிற் போர்ப்பறை முழங்குகின்றது. பிற்பகுதியில் 'கேலிக்குரிய மனிதனின் கனவு' என்னும் சிறுகதை. இறுதியிற் கொர்னீலோவாவின் விடுதலை. அக்கதையின் நாயகன் தற்கொலை செய்ய எண்ணித் துப்பாக்கியை எதிரே வைத்தபடி உறங்கிப்போகின்றான். கனவில் வேறோர் உலகத்தை அடைகின்றான். ஆங்குள்ளோர் மாசற்றவர், பொய் அறியாதவர். அவர்களைக் கெடுத்தவன் அவனே. பொய் புகுகின்றது, பொறாமை புகுகின்றது, முதல் இரத்தம் சிந்துகின்றது, அதன்பின் மக்கள் கூட்டங் கூட்டமாய்ப் பிரிந்து ஒருவர்க்கெதிராய் மற்றவர் அணிதிரள்கின்றனர். போரின் பிறப்பை வீழ்ச்சியின் வரலாறாகக் காட்டும் இக்கதை, போரை மீட்பு என்னும் கட்டுரைக்குச் சில பக்கங்களுக்கு அப்பால் அச்சாகியிருக்கின்றது. எழுதியவர் ஒருவரே, மாதமும் ஒன்றே. கட்டுரைக்குக் கதை விடையிறுக்கின்றது என்பதை அவர் அறிந்திருந்தாரென்று கொள்வதற்கு இதழில் ஒரு குறிப்பும் இல்லை.

அதற்கு முந்திய மார்ச் இதழிலும் இதே விந்தை. அதில் 'யூதர் பிரச்சினை' என்று ஓர் அதிகாரம் உண்டு. தம்மை யூத வெறுப்பாளர் எனக் குறைகூறிய வாசகர்க்கு மறுமொழியாக எழுந்தது அது. தமக்கு அவ்வினத்தார்மேல் வெறுப்பில்லை என்று தொடங்கி, வெறுப்பின் வாய்பாடுகளையெல்லாம் ஒவ்வொன்றாய் அடுக்குகின்றார். ஓரினத்தை முழுதாகக் கூண்டில் நிறுத்தும் அவ்வெழுத்துக்குக் காலத்தைக் காரணமாகச் சொல்லி மன்னிப்பு வேண்டுவது நேர்மையாகாது. அதே காலத்தில் அதனைக் கண்டித்து அவருக்கே எழுதியவர்கள் இருந்தனர். ஆயினும் அந்த அதிகாரத்தை அடுத்து என்ன வருகின்றது? மின்ஸ்க் நகரத்தில் இறந்த முதிய ஜேர்மன் வைத்தியர் ஒருவரின் கதை. ஏழை யூதர் குடிசைகளிற் காசு வாங்காது மருத்துவம் செய்தவர் அவர். ஒரு குழந்தை பிறந்தபோது சுற்றத் துணியின்றித் தம் சட்டையையே கழற்றிக் கிழித்துச் சுற்றியவர். அவர் புதைகுழியண்டை கிறிஸ்தவ போதகரும் யூத குருவும் ஒருங்கே நின்று பேசினர். இச்செய்தியைக் கடிதத்தில் எழுதி அனுப்பியவள் ஒரு யூத இளம்பெண். தொஸ்தோயெவ்ஸ்கி அதனைப் பெற்றதும் வாதத்தை மறந்துவிடுகின்றார். மங்கிய மெழுகுதிரி வெளிச்சம், கந்தற் குடிசை, களைத்த தாய், சட்டையில்லாத கிழவர் என ஓவியன் தீட்டுவதற்குரிய காட்சியாக அதனை அமைக்கத் தொடங்குகின்றார். இனத்தைப் பற்றிப் பேசும்போது குருடாயிருந்த கண், ஒரு மனிதன் எதிரே வந்தவுடன் திறந்துகொள்கின்றது.

இனி நாவலுக்கு வருவோம். 1877ஆம் ஆண்டின் யூலை, ஓகஸ்ட் இரட்டை இதழில் தோல்ஸ்தோயின் 'அன்னா கரேனினா' ஆராயப்படுகின்றது. அந்நாவலின் எட்டாம் பகுதியில் தொண்டர் படையினர்மேல் தோல்ஸ்தோய் காட்டிய ஐயம், அதனைத் தொடராக வெளியிட்டு வந்த சஞ்சிகை ஆசிரியர் கத்கோவுக்குப் பிடிக்கவில்லை. அப்பகுதியை அவர் அச்சிட மறுக்கவே, தோல்ஸ்தோய் அதனைத் தனிநூலாகத் தாமே வெளியிட்டார். தன் வழியிற் செல்லும் எழுத்தாளனின் தொல்லையைத் தொஸ்தோயெவ்ஸ்கியே நன்கறிவர். இருந்தும் இங்கே கத்கோவின் பக்கமே சாய்ந்தார். நாவலை ஐரோப்பிய இலக்கியம் முழுவதிலும் ஒப்பில்லாதது என்று வானளாவப் புகழ்ந்தார். அதன் நாயகன் லேவினை மட்டும் கடிந்தார். ஸ்லாவியரின் துயர் தன் நெஞ்சை நேரே தொடவில்லை என்று லேவின் கூறியதே குற்றம். தொஸ்தோயெவ்ஸ்கி ஒரு காட்சியைக் கற்பிக்கின்றார். துருக்கியன் ஒருவன் சகோதரியின் கண்ணெதிரே ஒரு பாலகனின் கண்ணிற் குத்த ஊசியை ஓங்கி நிற்கின்றான். கையில் ஆயுதத்தோடு லேவின் அங்கே நிற்கின்றான். அவன் அத்துருக்கியனைக் கொல்வானா, அல்லது கொலை தகுமா என்று சிந்தித்துக்கொண்டே நிற்பானா? சிந்திப்பவனைப் பார்த்து நாட்குறிப்பு ஏளனமாகச் சிரிக்கின்றது.

ஈராண்டு கழித்து 1879 மே மாதத்தில் 'கரமசோவ் சகோதரர்கள்' தொடரின் 'கலகம்' என்னும் அதிகாரம் வெளிவந்தது. உணவுச் சாலையின் ஒரு மூலையில் ஈவானும் அவன் தம்பி அல்யோஷாவும் உரையாடுகின்றனர். ஈவான் பத்திரிகைகளிற் கண்ட குழந்தைத் துன்பங்களைச் சேகரித்து வைத்திருப்பவன். நாட்குறிப்பை வாசித்தவர்க்கு அவன் சேகரிப்பு பழக்கமானதாயிருக்கும். பல்கேரியாவிலே தாய்மார் முன்னிலையிற் குழந்தைகளை வதைத்த துருக்கியர் அதிலுண்டு. ஏழு வயது மகளை மிலாறால் அடித்த கற்றறிந்த கனவானும், கூலிக்கு மனச்சாட்சியை விற்ற அவன் சட்டத்தரணியும் உண்டு. நாட்குறிப்பில் முதலாவது செய்தி ஒரு போருக்கு நியாயம் காட்ட வந்தது. இரண்டாவது நீதிமன்றச் சீர்கேட்டுக்கு உதாரணமாக வந்தது. ஈவானுக்கோ இவை கடவுளின் படைப்பையே ஏற்க மறுப்பதற்குரிய காரணங்கள். எதிர்காலத்தில் உலகம் முழுவதும் இன்புறுவதாயினும், அவ்வின்பத்தின் அத்திவாரத்தில் ஒரேயொரு குழந்தையின் வதை இருக்குமாயின் அதனைக் கட்டுதற்கு உடன்படுவாயோ என்று அவன் தம்பியை வினவுகின்றான். இல்லை என்கின்றான் தம்பி. பேரரசுகளின் தெய்வப்பணி பற்றி நாட்குறிப்பு எழுதிய அத்தனையும் இவ்வொரு வினாவின் முன் நிற்குமா?

அதே அதிகாரத்தில் இன்னொரு காட்சி. வேட்டை நாய்க்குக் கல்லெறிந்த குற்றத்திற்காகப் பண்ணையடிமைச் சிறுவனை, அவன் தாய் பார்த்திருக்க, நாய்களை ஏவிக் கிழிப்பித்த தளபதி ஒருவனின் கதையை ஈவான் சொல்கின்றான். சொல்லிவிட்டு, அவனை என்ன செய்யலாம், சுட்டுவிடலாமா என்று துறவு நெறியில் நிற்கும் தம்பியைக் கேட்கின்றான். அல்யோஷா முகம் வெளிறி, சுட வேண்டும் என்கின்றான். ஈவான் அதைக் கேட்டு மகிழ்ந்து ஆரவாரிக்கின்றான். மறுகணமே அல்யோஷா தான் அபத்தம் பேசினேன் என நாணுகின்றான். லேவினை நோக்கி நாட்குறிப்பு எழுப்பிய அதே வினாத்தான் இது. அங்கே தயங்கியவன் நகைப்புக்கு இடமானான். இங்கே தயங்காது விடையிறுத்தவன் தன் விடையை எண்ணி வெட்குகின்றான். அவனிடத்து அவ்விடையைப் பறித்தவனின் களிப்போ நமக்கு அச்சந் தருகின்றது. ஒரே வினாவை ஒருவர் இருமுறை எழுதினார். இரண்டாம் முறை அதனைப் பிறர் வாயிலிருந்து வரச்செய்தார். வரச்செய்தவுடன் அது வேறு வினாவாயிற்று.

நம் இலக்கணநூலார் இதற்கு நல்லதொரு சொல் வைத்திருக்கின்றனர். அகப்பாட்டிற் புலவன் தன் பெயர்கொண்டு பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பிறர் நெஞ்சினுட் புகுந்தே பேசுவான். கூற்று மாறுமிடத்து நியாயமும் மாறும். தலைவிக்கு இழைத்த தீங்கைத் தலைவன் கூற்றில் நாம் வேறாகவே கேட்கின்றோம். நாட்குறிப்பிலே தொஸ்தோயெவ்ஸ்கி தம் கூற்றாற் பேசினார். நாவலிலே ஈவான் கூற்று, அல்யோஷா கூற்று, மீத்யா கூற்று எனப் பகிர்ந்தார். பகிரும்போது நடுவுநிலை தாண்டிவிட்டார் என்றே சொல்லலாம்: தாம் ஒப்பாத கொள்கைக்குத் தம் வலிமை முழுவதையும் வழங்கினார். இந்நாவல்களில் ஒவ்வொரு குரலும் ஆசிரியர்க்குக் கட்டுப்படாது தனித்து ஒலிக்கின்றது என்னும் கருத்தை ருஷ்ய ஆய்வாளர் பக்தின் 1929இல் நூலாக விரித்தெழுதிய பின்னர் அது உலகெங்கும் பேசப்படலாயிற்று.

அவர்தம் அரசியல் நண்பர்க்கு இதுவே கலக்கந் தந்தது. அரசரின் நம்பிக்கைக்குரிய போபெதனோஸ்த்சேவ், ஈவானின் வாதத்தை வாசித்துவிட்டு இதற்கு மறுப்பு எங்கே எனக் கவலையோடு எதிர்நோக்கினார். தொஸ்தோயெவ்ஸ்கிக்கும் அதே கவலை. விடை நேருக்கு நேர் வாதமாக வராது, முதிய துறவி ஸொசிமாவின் வாழ்க்கைச் சித்திரமாக வரும் என்று 1879 ஓகஸ்டில் அவருக்கு எழுதினார். அது போதுமோ என்னும் நடுக்கம் அக்கடிதத்தில் உண்டு. நாட்குறிப்பில் கொன்ஸ்தாந்திநோப்பிள் பற்றி எழுதியபோது அந்நடுக்கத்தின் சுவடுகூட இல்லை.

நாவல் முற்றிலும் மாசு நீங்கிவிட்டது என்று எண்ணுதலும் தவறு. யூதர் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொல்வரோ என்று லீஸ் என்னும் சிறுபெண் கேட்கும்போது, அல்யோஷா தனக்குத் தெரியாது என்று மாத்திரம் சொல்கின்றான். அவ்வோரிடத்தில் அல்யோஷாவின் வாயிலும் நாட்குறிப்பின் நஞ்சு ஒரு துளி விழுந்திருக்கின்றது. எவ்வளவு முறை வாசித்தாலும் அவ்விடத்தை எளிதிற் கடக்க இயலவில்லை.

நாட்குறிப்பு நின்ற வகையையும் சொல்லவேண்டும். 1877 டிசம்பர் இதழில் அவர் வாசகரிடம் ஓராண்டு விடைபெற்றார். உடல்நலக் குறைவு ஒரு காரணம். மற்றது, இவ்வீராண்டு வெளியீட்டின்போது தாம் அறியாமலே தம்முள் உருவான கலைப்படைப்பொன்றில் இனி ஈடுபடப் போவதாக அவர் உரைத்தது. 1878 மார்ச்சில் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, ஏழு வயது முதற் பதினைந்து வயது வரையான பிள்ளைகளின் பேச்சு, பழக்கம், குறும்பு ஆகியவற்றைத் தெரிவிக்குமாறு வேண்டினார். எழுதத் தொடங்கும் நாவலிற் பிள்ளைகள் பலர் வருவர் என்றார். இரண்டு மாதத்தில் அவருடைய கடைசி மகன் மூன்று வயதில் வலிப்பு நோயால் இறந்தான். தந்தையின் நோயே மகனுக்கும் வந்தது. துயர் தாளாத அவரை இளம் தத்துவஞானி சொலொவியோவ் ஒப்தினா மடத்துக்கு அழைத்துச் சென்றார்; ஆங்கே அம்விரோசி என்னும் முதிய துறவியைக் கண்டார். ஸொசிமாவின் மடத்துக்கு வந்து, இறந்த மூன்று வயது மகனை நினைந்து அழும் தாய் நாவலில் இருக்கின்றாள். அக்குழந்தையின் பெயரும், நாவலின் இளைய சகோதரன் பெயரும், தொஸ்தோயெவ்ஸ்கியின் மகன் பெயரும் ஒன்றே: அல்யோஷா.

'கரமசோவ் சகோதரர்கள்' 1879 ஜனவரி தொடங்கி 1880 நவம்பர் வரை, கத்கோவின் சஞ்சிகையிலேயே தொடராக வந்தது. அதனிடையே 1880 யூன் மாதம் மொஸ்கோவிற் புஷ்கின் சிலைத் திறப்பு விழாவில் அவர் ஆற்றிய சொற்பொழிவை நாட்குறிப்பின் ஒற்றை இதழாக ஓகஸ்டில் வெளியிட்டார். நாவல் முடிந்ததும் 1881இல் நாட்குறிப்பை மறுபடி தொடங்கினார். நாட்குறிப்பைத் தொடர்ந்து நடத்திய பின்னரே, நடு வயது எய்திய அல்யோஷாவை நாயகனாகக் கொண்ட இரண்டாம் நாவலுக்குத் திரும்புவது அவர் திட்டம். முன்னைய ஈராண்டுபோல இவ்வாண்டுகளும் அதற்கு விளைநிலமாகும் என்று எண்ணினார்போலும். ஜனவரி இதழை எழுதி முடித்த சில நாட்களில், அம்மாதம் 28ஆம் நாள் உயிர் நீத்தார். மத்திய ஆசியாவிலே ருஷ்யப் படை கைப்பற்றிய கியோக்-தெப்பே கோட்டையைப் பற்றியும், அரசின் நிதிநிலை பற்றியும் எழுதிய அவ்விதழ் அவர் இறந்த பின்னர் சந்தாதாரர்க்குச் சென்றது. அதில் கதை ஒன்றும் இல்லை.